கிளாஸ் காலியாகும் வரை பேசக் கூடாது

போன மாதம் அஞ்சனா டீச்சர் கரமனையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது விட்டுவிட்டு வந்த ஃபிசிக்ஸ் வகுப்புகளும், கூடவே ‘கேரியர் கைடு’ என்ற பட்டமும் அவள் தலையில் விழுந்திருக்கின்றன. முதலாவதற்காக அவளுக்கு வாழ்த்துச் சொன்னேன். இரண்டாவதற்காக என் மனைவி அவளுக்கு இன்னொரு தோசை போட்டாள்.

“சார், இப்பொ எல்லாம் ஆன்லைன் டெஸ்ட். பிளஸ் ஒன் பிள்ளைகள் பட்டன் அமுக்கினா, என்ன படிக்கணும்னு கலர் கலரா ரிப்போர்ட் வரும். பிரச்சனை பிள்ளைகள் இல்ல. பேரண்ட்ஸ். வந்து உட்கார்ந்தா நிறுத்தவே மாட்டேங்கறா. நீங்க எப்படி சமாளிச்சீங்க?”

“சாயா கொடுத்தோம்” என்றேன்.

வயசான மனுஷர், கேள்வி காதில் விழவில்லை என்று நினைத்து அவள் மறுபடியும் சத்தமாகக் கேட்டாள். நானும் மறுபடியும் சத்தமாகவே சொன்னேன். சாயா. பால் கிடையாது, கட்டன். கொதிக்கக் கொதிக்க, ஸ்டீல் கிளாசில். அவள் சிரித்தாள். அவள் போன பிறகு, அந்தச் சிரிப்புக்கு ஒழுங்காகப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நான் கேரியர் கைடு ஆன கதை. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி எனக்கு இருந்த அக்கறையால் அந்தப் பொறுப்பு வந்தது என்று என் பிரிவுபசார விழாவில் ஒருவர் பேசினார். வாஸ்தவம் அதுவல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடந்த ஸ்டாஃப் மீட்டிங்கில், “மணி சாருக்குச் சம்மதம்தானே?” என்று பிரின்சிபால் ரோசம்மா டீச்சர் கேட்ட நேரத்தில் நான் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். தலை இரண்டு தரம் முன்னால் ஆடியது. அவர் நன்றி சொன்னார். கைதட்டல் சத்தத்தில்தான் முழித்தேன். பிறகு கோவளம் பக்கத்தில் ஒரு ஹாலில் பயிற்சி தந்தார்கள். மதியம் பாலடைப் பிரதமன் பாயசம் இருந்தது. அதற்கு அப்புறம் சொல்லிக்கொடுத்த எதுவும் நினைவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் கோட்டைக்கும் ஆரியசாலைக்கும் நடுவில். தமிழ்ப் பிள்ளைகள் பாதி, மலையாளப் பிள்ளைகள் பாதி. யார் எந்தப் பாதி என்று அந்தப் பிள்ளைகளுக்கே நிச்சயமாகத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன்னில் சேரும்போது சயின்ஸ், காமர்ஸ், ஹ்யுமானிட்டீஸ் என்று ஒரு காம்பினேஷனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினாறு வயசில் பிடித்த வால் அது. இரண்டு வருஷம் கழித்துக் காலேஜுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்த வாலுக்கு முன்னால் இருப்பது யானையா எருமையா என்று தெரியும். ஆகவே பிளஸ் ஒன் தொடங்கியதுமே பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசவேண்டும் என்பது ரோசம்மா டீச்சரின் கட்டளை.

டீச்சருக்குப் பாறசாலை. வீட்டில் மலையாளம், வாசலில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை. யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எதிராளியைப் பார்ப்பார். அதற்குள் எதிராளி தானாகவே திருந்தியிருப்பார். நான் பலமுறை திருந்தியிருக்கிறேன்.

முதல் வருஷம் என் பாணியில் நடத்தினேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. “உனக்கு என்னப்பா விருப்பம்?” என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்பேன். அம்மா பதில் சொல்வாள். “நீ சொல்லுப்பா” என்பேன். அப்பா சொல்வார். அப்பாவும் அம்மாவும் மூச்சு விட நிறுத்தினால் அந்த இடைவெளியில் நான் சொல்வேன். ஒருநாள் சாயங்காலம் டீச்சர் கேட்டார்: “சாரே, இன்னைக்கு எத்தனை பிள்ளைகளோட சத்தம் கேட்டீங்க?” யோசித்துப் பார்த்தேன். ஒரு பையன் தும்மியது ஞாபகம் வந்தது.

அடுத்த நாளே முறை மாறியது. மேஜையைத் தூக்கி வெளியே போட்டார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். ஃபோன்கள் எல்லாம் சாக்பீஸ் பெட்டிக்குள் போயின. பிறகு எங்கள் பியூன் தங்கப்பன் சேட்டன் எதிர்க் கடையிலிருந்து கட்டன் சாயா கொண்டுவருவார். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. பிள்ளைக்குக் கிடையாது. டீச்சர் சட்டத்தைச் சொல்வார்: “கிளாஸ் காலியாகிற வரைக்கும் பெரியவங்க பேசக் கூடாது. கீழேயும் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

ஸ்டீல் கிளாஸ். கொதிக்கிற சாயா. பேசவும் முடியாது, வேகமாகக் குடிக்கவும் முடியாது. வலது கையிலிருந்து இடது கைக்கு, இடது கையிலிருந்து கைக்குட்டைக்கு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். “ஒரு டவரா கிட்டுமா டீச்சர், ஆத்திக் குடிக்கலாம்” என்று தமிழ்ப் பெற்றோர் எல்லாரும் ஒரே குரலில் கேட்பார்கள். டவரா கிடையாது. டவரா கொடுத்தால் தமிழர்கள் தப்பித்துவிடுவார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும்.

“இது சாயா அல்ல சாரே, பூட்டாக்கும்” என்பார் என்னிடம்.

சாயா ஆறுகிற அந்த நேரத்தில் டீச்சர் பிள்ளையிடம் பேசுவார். ‘என்ன ஆகப் போறே’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. எந்த பீரியடில் நீ மணியைப் பார்ப்பதில்லை? யாரும் சொல்லாமல் நீயாகத் தேடிப் படித்தது எது? எந்தப் புத்தகத்தைத் திறந்ததும் மூடத் தோன்றுகிறது? இவ்வளவுதான். முதலில் பிள்ளை பழக்க தோஷத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அம்மா கிளாசை ஊதிக்கொண்டிருப்பாள். அப்பாவைப் பார்க்கும். அப்பா விரல் நுனியைக் காதில் தொட்டுக்கொண்டிருப்பார். வேறு வழியில்லாமல் பிள்ளை தானே பேசத் தொடங்கும்.

அப்போது அந்தப் பெற்றோரின் முகங்களைப் பார்க்க வேண்டும். தன் வீட்டிலேயே இத்தனை வருஷமாக யாரோ ஒரு சுவாரசியமான ஆள் குடியிருந்தது இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருக்கும். மாதாந்திர சம்பளத்துக்கு மேல் எனக்குக் கிடைத்த சம்பளம் அந்த முகங்கள்தான். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்தப் பூட்டு என்னையும் பூட்டியது. என் பையன் பிளஸ் ஒன் வந்தபோது, எல்லாப் பெற்றோரையும் போல நானும் என் மனைவியும் வட்டத்தில் உட்கார்ந்தோம். உள்ளே இருந்து எல்லாம் பார்த்த ஆள் நான். சட்டத்தின் ஓட்டை எனக்குத் தெரியாதா? மடமடவென்று குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடலாம் என்று ஒரு பெரிய மடக்காக விட்டேன். நாக்கு வெந்து, கண்ணில் தண்ணீர் வந்து, இரண்டு நாள் மோரும் இளநீருமாகக் கிடந்தேன். “ஏன்னா, ரெண்டு நாளா ஆத்துல கோவில் மாதிரி அமைதியா இருக்கு. வருஷா வருஷம் உங்க டீச்சரண்ட போய் ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வந்துடுங்கோ” என்றாள் மனைவி. அந்த மௌனத்தில்தான் பையன் என்னிடம் வந்து, தனக்கு ஃபிசிக்ஸ் பிடிக்காது என்று சொன்னான். என்னால் மறுக்க முடியவில்லை. நாக்கு ஒத்துழைக்கவில்லை.

ஆனாலும் எல்லாம் சாயாவில் தீர்ந்துவிடவில்லை. பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்குப் போடும் ஆப்ஷன் என்று ஒன்று இருக்கிறது. எந்தப் படிப்பு, எந்தக் காலேஜ் என்று ஆசையின் வரிசைப்படி போடவேண்டும். முதல் ஆப்ஷனே கிடைத்துவிட்டால் சேர்ந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வரிசையை விட்டே வெளியே. இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பாறசாலைப் பக்கம் வாழை விவசாயம் செய்யும் ஒருவர், ஜியாகரஃபி படிக்க ஆசைப்பட்ட பையனின் அப்பா, முதல் ஆப்ஷனாக ஃபிசிக்ஸைப் போட்டுவிட்டார். கிடைத்தும்விட்டது.

“ஏன் அண்ணே இப்படிச் செய்தீங்க?”

“சாரு நம்ம பிள்ளைக்காக இவ்வளவு ஓடியாடி நடக்கிறீங்க. சாரோட சப்ஜெக்ட்டை ரெண்டாவதா எழுதுனா மரியாதை இல்லியே” என்றார். ஒரு ரசகதலிக் குலையும் கொண்டுவந்திருந்தார். பழம் நன்றாக இருந்தது. பையன் இன்றைக்கும் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறான். அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டங்களில் நான் முதலில் சொல்லும் வாசகம்: “என்மேல் மரியாதை இருந்தால் என் சப்ஜெக்ட்டைக் கடைசியில் போடுங்கள்.”

இனி, அஞ்சனாவிடம் நான் சொல்லாமல் வைத்துக்கொண்ட கதை. சாயா தோற்றுப்போன கதை.

ஆரியசாலையில் செல்லையா அண்ணாச்சிக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். தெருமுனையில் திரும்பும்போதே அவர் கடை வந்துவிட்டது என்று மூக்கு சொல்லும்; அவர் உள்ளே இருக்கிறார் என்று காது சொல்லும். அவர் மகள் முத்துச்செல்வி எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் காமர்ஸ். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். எந்த காம்பினேஷனும் கிடைத்திருக்கும். அண்ணாச்சி காமர்ஸ் என்று சொன்னார், சேர்ந்தாள்.

ஒருநாள் அவள் ஃபிசிக்ஸ் லேப் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், கப்பல்ல ஆஃபீஸர் ஆகணும்னா எந்த காம்பினேஷன்?”

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான்.”

விழிஞ்ஞத்தில் அவள் சித்தி வீடு. லீவுக்கு லீவு அங்கே போவாள். அப்போது துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் பாறை ஏற்றிய லாரிகள். ஆனால் அவள் பார்த்தது அதையில்லை. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில், கடல் முடிகிற கோட்டில், கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்குமாம். அவை எங்கே போகின்றன, யார் ஓட்டுகிறார்கள், அந்த வேலைக்கு என்ன படிப்பு, என்ன நுழைவுத் தேர்வு, கண் பார்வை எப்படி இருக்கவேண்டும், நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்... எல்லாம் தேடிப் படித்து வைத்திருந்தாள். ஒன்றே ஒன்றைத்தான் தாமதமாகக் கண்டுபிடித்திருந்தாள். பிளஸ் டூவில் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் வேண்டும். அவளிடம் இருந்தது அக்கவுண்டன்ஸி.

வழி ஒன்று இருந்தது. அட்மிஷன் எல்லாம் முடிந்த பிறகு, காம்பினேஷன் மாற்றிக்கொள்ள ஒரு வாரத்துக்கும் குறைவாக அவகாசம் உண்டு; ஜன்னல் திறக்கிறது என்போம். சயின்ஸில் ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் மூடும். அப்பா கையெழுத்துப் போடவேண்டும்.

“வீட்டுல சொன்னியா?”

“அப்பா பேசிட்டிருக்காங்க சார்” என்றாள்.

“என்ன பேசிட்டிருக்கார்?”

“இல்ல சார். எப்பவும் பேசிட்டே இருக்காங்க. நடுவில சொல்ல இடமே வரல.”

புதன்கிழமை அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு அட்டைப்பெட்டி மூடி. உட்புறம் முழுக்க நீல மையில் மகளின் வாழ்க்கை வரைந்திருந்தது: பிளஸ் டூ, சி.ஏ. பவுண்டேஷன், எந்த டியூஷன், எந்த பஸ், யாரிடம் பயிற்சி, எந்த வயசில் கடைக்குப் பக்கத்தில் ஆபீஸ். நான் அசந்துபோனேன். நாற்பது பிள்ளைகளுக்குத் திட்டம் போடச் சம்பளம் வாங்குகிற நான் அதில் பாதிகூட யோசித்ததில்லை. இந்த மனுஷன் மகள்மேல் வைத்திருந்தது அலட்சியமில்லை என்பது அந்த அட்டையைப் பார்த்த யாருக்கும் தெரியும். அதுதான் சிக்கலே.

தங்கப்பன் சேட்டன் சாயா கொண்டுவந்தார். ஆவி பறந்தது. டீச்சர் சட்டத்தைச் சொன்னார். “ஓ, அப்படியா டீச்சர்” என்றார் அண்ணாச்சி. கிளாசை வாங்கினார். அண்ணாந்தார். ஒரே மடக்கு. காலிக் கிளாசைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, “இனி சொல்லலாம் அல்லே?” என்றார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். அண்ணாச்சி திருந்தவில்லை. மத்தியானம் மணியடிக்கும் வரை சி.ஏ. பற்றிப் பேசினார். “ஏட்டி செல்வி, நீயும் சொல்லுட்டி” என்று நடுவில் இரண்டு தரம் சொன்னார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

வியாழக்கிழமை மறுபடி வரச்சொன்னோம். போர்த் தந்திரம் என் பொறுப்பு. பெரிய கிளாஸ் வாங்கி வைத்தேன். கூடவே பழம்பொரி என்ற நேந்திரம்பழ பஜ்ஜி; வாயில் பழம் இருந்தால் பேச முடியாதே என்பது என் விஞ்ஞானம். அண்ணாச்சி பழம்பொரியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசக்கூடியவர் என்பது என் கணக்கில் இல்லை. பெரிய கிளாசும் ஒரே மடக்கு. “சாயா நல்லா இருக்கு டீச்சர். கொஞ்சம் சூடு போராது” என்றார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். முத்துச்செல்வி தரையைப் பார்த்தாள். மறுநாள் ஜன்னல் மூடிவிடும்.

டீச்சர் அன்றைக்கு மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் அண்ணாச்சி பக்கம் நகர்த்தினார். “அண்ணாச்சி, இத்தனை வருஷத்தில் இந்தச் சூட்டை இப்படிக் குடிச்ச ஆளை நான் கண்டதில்ல. எங்க படிச்சீங்க இது?”

அண்ணாச்சி சிரித்தார். “படிப்பென்ன டீச்சர். சந்தைல சரக்கு லாரி வந்து நிக்கும். லோடு இறக்குதவன் ஒருபக்கம் கத்துவான், பின்னால நிக்க லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். சாயாவும் அப்பதான் வரும். ஆறட்டும்னு வச்சா அது அங்கனயே இருக்கும், நாம வேற எங்கயோ நிப்போம். வந்ததும் ஊத்திக்கிட வேண்டியதுதான். சின்ன வயசுல கடைக்கு வந்த நாள்லேருந்து அப்படித்தான். ஆற வச்சுக் குடிக்க நேரம் கெடச்சதே இல்ல பாத்துக்கிடுங்க.”

“வீட்டிலயுமா?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய சத்தம்.

“வீட்டுலயும்தான் டீச்சர்” என்றாள் முத்துச்செல்வி. “அம்மா காப்பி கொண்டு வைக்கும்போது அப்பாகிட்ட ஒண்ணு சொல்லலாம்னு நான் பக்கத்துல வருவேன். அதுக்குள்ள டம்ளர் காலியாயிரும். அப்பா செருப்பு மாட்டிருவாங்க.”

குற்றம் சொல்லும் குரலில்லை. மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னாள்.

அண்ணாச்சியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. வெளியே யாரோ பிள்ளைகள் வாலிபால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் டீச்சர் பக்கம் திரும்பி, மிக மரியாதையாகக் கேட்டார்:

“டீச்சர், இன்னொரு கிளாஸ் சாயா தருவீங்களா?”

தங்கப்பன் சேட்டன் ஓடினார். வந்தது. ஆவி பறக்கிற கிளாசை அண்ணாச்சி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

அவள் பேசினாள். சித்தி வீட்டு மாடி, கடல் முடிகிற கோடு, கப்பல், அதிலுள்ள வேலைகள், படிப்பு, தேர்வு, வெள்ளிக்கிழமை மூடப்போகிற ஜன்னல். எத்தனை வருஷம் சேர்த்துவைத்தது என்று தெரியவில்லை. வரிசை குலையாமல் வந்தது. ‘பொம்பளப் பிள்ளை கடல்லயா’ என்று அவர் முகம் கேட்டது, உதடு பிரிந்தது, உடனே கிளாசை உதட்டுக்குக் கொண்டுபோனார். குடிக்கவில்லை. வாயை மூடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி மடியில் இறக்கினார். ‘கடையை யார் பார்ப்பா’ என்று கண் கேட்டது. மறுபடி கிளாஸ் உதட்டுக்குப் போனது. பிடித்திருந்த கைகள் சிவந்துபோயிருந்தன. கொதிக்கிற சாயாவைத் தண்ணீர் மாதிரி குடிக்கிற மனுஷன், அதைக் குடிக்காமல் பிடித்திருக்க என்ன பாடுபட்டார் என்று நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் எத்தனையோ பரிசோதனைகள் நடத்திக் காட்டியிருக்கிறேன். இப்படி ஒன்றை என் கண்முன் யாரும் நடத்திக் காட்டியதில்லை.

அவள் முடித்தபோது ஆவி நின்றிருந்தது. கிளாஸ் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

“குடிச்சிட்டுப் பேசுங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஒரு கையில் கிளாஸ், மறுகையை என் பக்கம் நீட்டினார். பேனா கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கையெழுத்துப் போட்டார். எழுந்தார். மகளின் உச்சந்தலையில் ஒருமுறை கையை வைத்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், சாயா தளும்பாமல், மெதுவாக நடந்து வெளியே போனார். எங்கள் கிளாசோடு போய்விட்டார். தங்கப்பன் சேட்டன் துரத்திப் போய்ப் பத்மதீர்த்தக் குளத்தருகே பிடித்தாராம். அதுவரை குடிக்கவில்லையாம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அண்ணாச்சி மௌன சாமியார் ஆகிவிட்டார் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. திங்கட்கிழமை புது அட்டையோடு வந்துவிட்டார். நீல மை. சயின்ஸுக்கு மாறியதில் விட்டுப்போன பாடங்களை எப்போது முடிப்பது, கண் பரிசோதனை எங்கே, நுழைவுத் தேர்வுக்கு எப்போதிருந்து தயாராவது, நீச்சல் எந்தக் குளத்தில். சி.ஏ.வுக்குப் போட்ட அதே பொறுப்பு, அதே பஸ் விவரம். கண் ஆஸ்பத்திரியில் மகளுக்கு முன்னால் இவரே எழுத்துகளைச் சத்தமாக வாசித்து, டாக்டர் இவரை வெளியே அனுப்பினார். நீச்சல் குளத்தில் இவர் கரையில் நின்று கத்திய கத்தலில் பக்கத்துப் பிள்ளைகளும் நன்றாக நீந்தப் பழகின. விட்டுப்போன ஃபிசிக்ஸை நான் சாயங்காலங்களில் எடுத்தேன். அண்ணாச்சி கடைசி பெஞ்சில் சாயா கிளாசைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கிளாஸ் கையில் இருந்தால் பேசமாட்டேன் என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். ஒரே ஒருநாள் கிளாசைக் காலி செய்துவிட்டுக் கேட்டார்: “சார், ஒரு ஆணி முங்குது. இத்தாம்பெரிய இரும்புக் கப்பல் ஏன் முங்கல?” நான் போர்டு நிறையப் படம் போட்டு விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “சரி, முங்காம இருந்தாச் சரி” என்றார்.

அவள் படித்தாள், தேர்வு எழுதினாள், பயிற்சிக்குப் போனாள், கப்பல் ஏறினாள். ரோசம்மா டீச்சர் ஓய்வு பெற்றுப் பாறசாலைக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓய்வு பெற்று, மனைவியின் நிம்மதியைக் கெடுக்க வீட்டுக்கு வந்தேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை அண்ணாச்சி ஃபோன் செய்தார். “சார், சும்மா இருக்கியளா? விழிஞ்ஞத்துக்கு வாங்க. பிள்ளை வாரா.” அவள் வேலை பார்க்கும் கப்பல் முதல்முறையாக இந்தத் துறைமுகத்துக்கு வருகிறது. உள்ளே போக நமக்கு அனுமதி கிடையாது. சித்தி வீட்டு மொட்டைமாடியில் நின்றோம். அண்ணாச்சி ஃபிளாஸ்கில் சாயா கொண்டுவந்திருந்தார்.

முதலில் கடல் முடிகிற கோட்டில் ஒரு பல்லிமுட்டை மாதிரி இருந்தது. பிறகு தீப்பெட்டி. பிறகு ஒரு கட்டிடம். பிறகு நான் பார்த்ததற்கெல்லாம் உவமை தீர்ந்துபோயிற்று. ஒரு தெரு, வீடுகளோடும் மாடிகளோடும் பெயர்ந்து கடல்மேல் சத்தமில்லாமல் நம்மை நோக்கி வந்தால் எப்படி இருக்கும்? அப்படி வந்தது. இழுவைப் படகுகள் குட்டி நாய்கள் மாதிரி பக்கத்தில் ஓடின. அந்தப் பெரிய உடல் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, இரும்பு ஏன் முங்கலன்னு. இப்போ நேரிலயே பாருங்க. அது ஒதுக்குகிற தண்ணியோட எடை இருக்கே...”

அண்ணாச்சி கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்தார். ஒரு ஸ்டீல் கிளாஸ் நிறைய ஊற்றி என் கையில் வைத்தார். இன்னொன்றை ஊற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

கை சுட்டது. நான் வாயை மூடினேன்.

கப்பலின் முன்பக்கத்தில் ஆரஞ்சு உடுப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் நடமாடின. அண்ணாச்சி ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து இடது கையை வீசினார். நான் வேறொரு புள்ளிக்கு வீசினேன். சித்தி, முந்தானையை அவிழ்த்து மொத்தக் கப்பலுக்குமாக வீசினாள். யாரும் திரும்ப வீசவில்லை. அதனாலென்ன, வீசிக்கொண்டே இருந்தோம். அண்ணாச்சியின் கன்னங்கள் நனைந்திருந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, ஒரு கையில் கிளாஸ், மறுகை மகளுக்கு.

கப்பல் கரையோடு சேர்ந்து நின்ற பிறகு அவர் ஃபோன் சத்தம் போட்டது. மகள் அனுப்பியிருந்தாள். வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

‘அப்பா, நான் வெளியவே நிக்கல. மேல கண்ணாடி ரூம்ல, கேப்டன் பக்கத்துல இருந்தேன். சித்தி வீட்டு மாடி தெரிஞ்சுது. மூணு பேர் முன்பக்கம் பார்த்து என்னமோ கை வீசிட்டிருந்தீங்க. யாருக்கு?’

அண்ணாச்சி நிமிர்ந்து, கப்பலின் உச்சியில் வெயிலில் மினுங்கிய கண்ணாடி வரிசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்வதற்கு எங்கள் இருவரிடமும் நிறைய இருந்தது. ஆனால் இரண்டு கிளாசும் இன்னும் நிறைந்தே இருந்தன.